காற்றுக்கு எத்தனை கிலோ

அத்தியாயம் 11

இன்னும் விற்பனைக்கே வராத ஒரு வண்டிக்காக ஒரு வீட்டில் எவ்வளவு காலம் சண்டை பிடிக்கலாம் என்று மொன்றியலின் லாசாலில் றெக்ஸ் வீட்டாரைக் கேட்டால் சொல்வார்கள். அங்கே ஒரு மாதமாக அதுதான் நடக்கிறது.

வண்டி வரப்போவது அடுத்த வருசம். மின்சாரத்தில் ஓடும் பிக்கப். படம் வந்துவிட்டது, நிறங்கள் வந்துவிட்டன, எத்தனை தொன் இழுக்கும் என்ற பெருமையும் வந்துவிட்டது. வண்டியை மட்டும் யாரும் கண்ணால் காணவில்லை. அதற்குள் றெக்ஸ் அதன் குணநலன்களைத் தேவாலயப் பங்கு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். ஞாயிறு பூசை முடிந்தால் அவரிடம் அகப்படாமல் இருக்கச் சனம் பக்கக் கதவால் வெளியேறுகிறது.

அவருடைய மனைவி ஜொய்சிக்கு மின்சாரத்தோடு ஒரு பகையும் இல்லை. அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான்.

"ரொறன்ரோ போகுமோ?"

"போகும்," என்பார் றெக்ஸ்.

"ட்ரெயிலரோட?"

"ட்ரெயிலரோடதான்."

இந்தக் கேள்வி ஏன் என்று தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். றெக்ஸும் ஜொய்சியும் கலியாண வீடுகளுக்கு மணவறை வாடகைக்குக் கொடுக்கிறவர்கள். கத்தோலிக்கர் வீட்டில் இந்து மணவறையா என்று ஆச்சரியப்பட வேண்டாம். றெக்ஸ் கைவேலைக்காரர். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கலியாணத்துக்கு உதவியாகச் செய்துகொடுத்த ஒன்று, தொழிலாகி வீட்டோடு ஒட்டிக்கொண்டது. புதியது வந்தால் விற்றுவிடுவதாகப் பேச்சில் இருக்கிற ஒரு பழைய டீசல் பிக்கப்தான் இன்னும் அதை இழுத்துத் திரிகிறது.

ஜொய்சியின் தங்கை அஜிதா ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறாள். மொன்றியலில் ஒரு மாதம் முழுக்க நடக்கிற அத்தனை கலியாணமும் அங்கே ஒரே சனிக்கிழமையில் நடக்கிறது. "அக்கா, இஞ்சயே வந்திருங்கோ. என்ர மனுசன்ர பெரிய கராஜ் சும்மா கிடக்கு. சேர்ந்து செய்வம்," என்று அஜிதா கேட்டாள். அந்த அழைப்பு றெக்ஸுக்கும் தெரியும், அவர் பிடிகொடுக்கவில்லை. ஜொய்சி உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் நின்று, மெஷின் சத்தத்தோடு சத்தமாக, "ஓம்" என்று சொல்லிவிட்டாள். அது நடந்து கனநாள். ஓம் சொன்னதை மட்டும் றெக்ஸிடம் இன்னும் சொல்லவில்லை.

சொல்லத் துணிவில்லாமல் இல்லை. நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மனுசனுக்கு ஆசைப்பட்ட வண்டி கிடைக்கட்டும், அந்த வண்டி ரொறன்ரோ போகட்டும், பிறகு மெல்லச் சொல்லலாம் என்பது அவள் போட்ட கணக்கு. அதனால்தான் போன ஞாயிறு, "சும்மா வாயால ஓட்டாமல் ஒருக்கா இழுத்துப் பாப்பம்," என்றாள். பங்கில் அருமைராசா அண்ணையிடம் ஏற்கெனவே ஒரு மின்சார பிக்கப் நிற்கிறது. அவரும், "ஒரு நாளைக்குக் கொண்டு போங்கோ," என்று திறப்பைக் கொடுத்துவிட்டார். றெக்ஸின் முகம் அப்போது கொஞ்சம் சுருங்கியதை ஜொய்சி கவனித்தாள். வேறொருவர் வண்டியில் கீறு விழுந்துவிடும் என்ற பயமாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் காலை ஒட்டாவாவில் கலியாணம். இன்றைக்கே போய் மணவறையைப் பூட்டி நிறுத்திவிட வேண்டும். இரவு ஒன்பதுக்குக் கலியாண ஹோலைச் சாத்திவிடுவார்கள்.

றெக்ஸ் ட்ரெயிலரைக் கொக்கியில் மாட்டினார். உயரமான பெட்டி அது. தூண்களைப் படுக்க வைத்தால் அதில் ஓடுகிற கொடிவேலை உடைந்துவிடும் என்று, நிமிர்த்தி வைப்பதற்காகக் கூரையை எழுப்பிக் கட்டியவரும் அவரேதான்.

"பாரும், உதில என்ன பாரம் இருக்கு?" என்றார். "முழுக்க றெஜிபோம். ஒரு தூணை நீர் ஒரு கையால தூக்குவீர். அஞ்சு தொன் இழுக்கிற வண்டிக்கு உது ஒரு தும்பு."

இந்த இடத்தில் ஜொய்சியால் மறுத்துப் பேச முடியவில்லை. தூணை ஒரு கையால் தூக்குகிறவள் அவள். மற்றக் கையில் கோப்பியும் இருக்கும். றெஜிபோம் என்ற அந்த நுரைக்கட்டியை இழுக்க ஒரு வண்டி கஷ்டப்படும் என்று யாராவது சொன்னால் அவளே சிரித்திருப்பாள்.

மணவறையில் வைக்கிற பிள்ளையாரை மட்டும் ட்ரெயிலருக்குள் போடுவதில்லை. அவரைப் போர்வையில் சுற்றிப் பின் சீற்றில் இருத்தி பெல்ட் போடுவாள். சாமான்களோடு சாமானாக அவரைக் கொண்டுபோனால் கலியாண வீட்டார் மனம் நோகும் என்று ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்ட ஒழுங்கு அது.

றெக்ஸ் சிலுவை அடையாளம் போட்டு வண்டியைக் கிளப்பினார். திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. பின்னால் ஏதோ பூட்டியிருக்கிறதே, அது என்ன, எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம் என்று வண்டி கேட்டது. றெக்ஸ் அதைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு ஒன்றுமில்லை என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"ஏன் அப்பிடி அமத்தினனீங்கள்?"

"உதெல்லாம் நிரப்பிக்கொண்டு இருந்தா பொழுதுபட்டிடும்."

வண்டி நம்பிவிட்டது. ஒட்டாவா போய்த் திரும்பி வரலாம், அதற்கு மேலும் ஓடலாம் என்று பெரிய எண்ணாக எழுதிக் காட்டியது. ஜொய்சி அந்த எண்ணைப் பார்த்து மனதுக்குள் ஸ்காபரோ வரை போனாள்.

மொன்றியல் தீவின் மேற்கு முனையான சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் மகள் ஷெரோன் ஏறினாள். அங்கே விவசாயம் படிக்கிறாள். வகுப்பு முடிந்து சப்பாத்தில் சேறோடு வந்து பிள்ளையாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போன்ஜூர் பிள்ளையார்," என்றாள். பிறகு முன்னால் எட்டிப் பார்த்தாள். "அப்பா, இதென்ன, இப்பவே இவ்வளவு குறைஞ்சிருக்கு? நாங்கள் இன்னும் தீவை விட்டே போகேல்லை."

"அது முதல்ல அப்பிடித்தான் காட்டும். பேந்து சரிவரும்."

பாலம் கடந்து பெருந்தெருவில் ஏறியதும் மேற்கிலிருந்து காற்று. கார்த்திகை மாதத்து மொட்டை வயல்களுக்கு மேலால் தடுப்பில்லாமல் வந்து முகத்தில் மோதுகிற காற்று. சரிவரவில்லை. எண் விழுந்துகொண்டே இருந்தது. ஷெரோன் அதை வாசிக்க, றெக்ஸ் வாசிக்க வேண்டாம் என்று சொல்ல, அவள் மனதுக்குள் வாசித்துப் பெருமூச்சு விட, ஜொய்சிக்கு அந்தப் பெருமூச்சிலேயே எண் தெரிந்தது.

றெக்ஸ் வேகத்தைக் குறைத்தார். பால் லொறி முந்திப் போனது. பள்ளிக்கூட பஸ் முந்திப் போனது. ஒரு கிழவர் கார் மேலே மெத்தையைக் கட்டிக்கொண்டு முந்திப் போனார், போகும்போது திரும்பியும் பார்த்தார்.

பிறகு றெக்ஸ் சூடாக்கியை நிறுத்தினார்.

"என்னப்பா இது?"

"சூட்டுக்கும் பற்றறிதானே போகுது. கோட்டைப் போட்டுக்கொண்டு இரும்."

"கோட்டுப் போட்டுக்கொண்டு போறதுக்கு எனக்கு மாட்டு வண்டிலே காணும்."

"ஒரு பொம்மை மண்டபத்தை இழுக்கிறதுக்கு இவ்வளவோ?" என்றாள் ஷெரோன். "வொயோன், அப்பா," என்று பிரெஞ்சில் சலித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கலியாண வீட்டுக் குணேஸ்வரி தொலைபேசியில் வந்தாள். பெண்ணின் தாய். தாலிக்குப் பொன்னுருக்கப் போய்வந்த களைப்பும், நாளைய பதற்றமும் குரலில் இருந்தன.

"எங்க நிக்கிறியள், ஜொய்சி அக்கா?"

"கிட்ட வந்திட்டம்," என்றாள் ஜொய்சி. கிட்ட வரவில்லை. இத்தனை வருசத் தொழிலில் அவள் வாடிக்கையாளருக்குச் சொன்ன முதல் பொய் அது. அதற்காகவே றெக்ஸ் மீது இன்னொரு முறை எரிச்சல் வந்தது.

ஒட்டாவா வருவதற்கு முன்பே திரை சிவந்தது. பெருந்தெருவை விட்டு இறங்கி ஒரு கோப்பிக் கடையின் பின்புறம் போனார்கள். சார்ஜ் ஏற்றும் தூண்கள் அங்கே வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கார் நிற்கத்தான் இடம். பின்னால் வீடு மாதிரி ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு வருபவனைப் பற்றி அந்த இடத்துக்குப் படம் கீறியவர் நினைத்தே பார்க்கவில்லை. அப்படியே நிறுத்தினால் வாகனங்கள் போகிற பாதை அடைபட்டுவிடும். ட்ரெயிலரைக் கழற்றி ஓரத்தில் விட்டால்தான் வண்டிக்கு மின்சாரம்.

றெக்ஸ் இறங்கினார். காற்றில் தொப்பி பறந்தது. ஷெரோன் தொப்பிக்குப் பின்னால் ஓடினாள். றெக்ஸ் ட்ரெயிலரின் முன்காலை இறக்கி, சங்கிலியைக் கழற்றி, கொக்கியோடு மல்லுக்கட்டினார். ஜொய்சி உள்ளே இருந்து பார்த்தாள். கையுறையும் போடாமல் இரும்பைப் பிடிக்கிற அந்த மனுசனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, இறங்கிப்போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலவும் இருந்தது.

ஒருவழியாக வண்டியைத் தூணடிக்குக் கொண்டுவந்து வயரைக் கொழுவிவிட்டு, கடைக்குள் கோப்பி வாங்கப் போனார். அவர் விட்டுப்போன தொலைபேசி அடித்தது. அருமைராசா அண்ணை. ஜொய்சி எடுத்தாள்.

"என்ன தங்கச்சி, என்ர பிள்ளை எப்பிடி ஓடுது?"

"எங்க அண்ணை ஓடுது? சாப்பிட்டுக்கொண்டு நிக்குது. இன்னும் ஒட்டாவா போய்ச் சேரேல்லை."

அருமைராசா சிரித்தார். "நான் உந்தக் கதையை றெக்ஸுக்கு அப்பவே சொன்னனானெல்லோ. ஆவணியில றிகோ மாதா யாத்திரைக்குச் சாமான் ஏத்திக்கொண்டு போகேக்க, நாங்கள் ரெண்டு பேரும் உந்தப் பெட்டியைத்தான் பூட்டி இழுத்தனாங்கள். பக்கத்தில இருக்கிற றிகோவுக்கே கன பற்றறி இறங்கிப்போட்டுது. பாரத்துக்கு இந்த வண்டி பயப்பிடாது, தங்கச்சி. உயரம்தான் பிரச்சினை. அவ்வளவு பெரிய பெட்டி காத்தைத் தள்ளிக்கொண்டெல்லோ போகவேணும்."

"அவருக்கு இது தெரியுமோ, அண்ணை?"

"தெரியாமல்? அவர்தான் ஒரு துண்டில கணக்குப் போட்டு, ரொறன்ரோவுக்கு எத்தினை தரம் கழட்டிப் பூட்ட வேணும் எண்டு எனக்குக் காட்டினவர். புதுசா வாறதும் இதின்ர தம்பிதானே, பெரிய வித்தியாசம் இராது எண்டும் சொன்னவர்."

ஜொய்சி தொலைபேசியை மடியில் வைத்தாள். இவ்வளவு நேரமும் மனுசனை ஒரு கணக்குத் தெரியாத மடையன் என்று திட்டிக்கொண்டிருந்தாள். அவர் கணக்குப் போட்டு முடித்து மூன்று மாதமாகிறது. தூணைத் தூக்கிப் பார்த்துக் கிலோவை நம்பிய மடைச்சி அவள்தான்.

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். றெக்ஸ் மூன்று கோப்பியோடு வந்துகொண்டிருந்தார்.

"ஆவணியில உந்தப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு றிகோ போனனீங்களாம்."

றெக்ஸ் நின்றார். "ஆர் சொன்னது?"

"வண்டிக்காரர்."

அவர் கோப்பியை வண்டியின் முன்பக்கத்தில் வைத்தார். ஒன்று காற்றில் சாய்ந்தது. இருவரும் அதை நிமிர்த்தப் போகவில்லை.

"அப்ப ரொறன்ரோ போகாது எண்டு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே ஒரு மாதமா என்னட்டைப் போகும் போகும் எண்டு சொன்னியள்."

"ஒட்டாவா வரைக்கும் ஒரே ஓட்டத்தில வந்திடும் எண்டு நினைச்சன். வந்திருந்தா நீர் நம்பியிருப்பீர். காத்துக் காட்டிக்குடுத்திட்டுது."

"ஏன்? போகாத வண்டிக்கு ஏன் இவ்வளவு ஆசை?"

றெக்ஸ் தெருவைப் பார்த்தார். "போகாது எண்டுதான் அதைப் பிடிச்சது."

ஷெரோன் தொப்பியோடு வந்தாள். இருவரின் முகத்தையும் பார்த்தாள். பிள்ளையாரிடம் போய் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"அங்க போனா நான் ஆர், ஜொய்சி?" றெக்ஸின் குரல் உயரவில்லை. "அஜிதாவின்ர அத்தான். சகலன்ர கராஜில நிண்டு தூணுக்குப் பெயின்ற் அடிக்கிற ஆள். இஞ்ச ஹோல்காரன் என்ர பேரைச் சொல்லிக் கதவைத் திறக்கிறான். நாப்பது வயசில குந்தியிருந்து பிரெஞ்சு படிச்சு, கனவருசம் அலைஞ்சு எடுத்த பேர். அதை இந்த வயசில இன்னொரு ஊரில முதல்ல இருந்து எடுக்க என்னால ஏலாது."

"அதை வாயைத் திறந்து சொல்லுறதுக்கு உங்களுக்கு ஒரு வண்டி வேணுமோ?"

றெக்ஸ் சாய்ந்து கிடந்த கோப்பியை நிமிர்த்தி வைத்தார். அவளுக்கு அழுகை வந்தது, அதைவிடக் கூடுதலாகக் கோபம் வந்தது. ஒரு மாதமாக மேசையில் வண்டியைப் பற்றிப் பேசிப் பேசிக் களைத்தார்கள். ஒரு நாள் கூட வண்டியைப் பற்றி அவர்கள் பேசவில்லை.

பற்றறி ஏறியதும் ட்ரெயிலரைத் திரும்பப் பூட்டிக்கொண்டு மிச்சத் தூரத்தை ஓடினார்கள். இந்த முறை சூடாக்கி முழுச் சூட்டில் வேலை செய்தது. ஜொய்சிதான் அதைப் போட்டாள். றெக்ஸ் தடுக்கவில்லை.

ஹோலுக்குப் போனபோது குணேஸ்வரி வாசலிலேயே நின்றாள். முகத்தில் இருந்த ஏச்சு, பிள்ளையாரைக் கண்டதும் பாதி இறங்கியது. மிச்சப் பாதியை ஜொய்சி மன்னிப்புக் கேட்டு இறக்கினாள். குணேஸ்வரி ஷெரோனையும் பிள்ளையாரையும் கூட்டிக்கொண்டு பூச்சாடிகளைக் காட்டப் போனாள்.

மேடையில் இருவரும் தனியே. தூண்களை நிறுத்தினார்கள். இந்த வேலைக்கு அவர்களுக்குப் பேச்சுத் தேவையில்லை. அவர் கை நீட்டினால் அவள் ஆணியைக் கொடுப்பாள். அவள் கண்ணைச் சுருக்கினால் அவர் தூணை ஒரு விரல் தள்ளுவார். எரிச்சலான நாளிலும் அது பிசகவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

றெக்ஸ் ஏணியில் ஏறி மேல்வளைவைப் பொருத்தினார். ஜொய்சி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். கோப்பிக் கடையிலிருந்து அவரைப் பொய்யர் பொய்யர் என்று மனதுக்குள் சொன்ன வாய்க்கு இப்போது கசந்தது.

"நான் அஜிதாவுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன்," என்றாள்.

மேலே ஆணி முறுகுகிற சத்தம் நிற்கவில்லை.

"தெரியும்."

"எப்பிடி?"

"சகலன் அடிச்சவர். எங்கட பெட்டி நுழைய கராஜ் கதவு எவ்வளவு உயரம் வேணும் எண்டு கேட்டவர். நான் அளவைச் சொன்னனான்."

"எப்ப?"

"நான் அந்த வண்டியைப் பாக்கத் தொடங்கிறதுக்கு முதல்."

ஜொய்சியின் கைகள் ஏணியை இறுக்கிக்கொண்டன. வெட்கமாக இருந்தது. அவள் நேரம் பார்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அந்த மனுசன் தெரிந்துகொண்டு எதிரே உட்கார்ந்து சோறு சாப்பிட்டிருக்கிறார்.

"ஏனப்பா என்னட்டைக் கேக்கேல்லை?"

"நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்."

அவர் கீழே இறங்கினார். சற்றுத் தள்ளி நின்று மணவறையைப் பார்த்தார். வளைவு நேராக இருந்தது.

"அந்தப் புது வண்டியை நான் எடுக்கத்தான் போறன்," என்றார். "லாவால், புறோசார்ட், லாசால், இஞ்சத்தை ஹோலுகளுக்கு அது தாராளமாக் காணும். வீட்டுக் கறண்டும் மலிவு. நான் எல்லாம் யோசிச்சுப் பாத்துத்தான் சொல்லுறன்."

"ம்."

"பழைய டீசலை விக்கப் போறேல்லை. அது ரொறன்ரோ போகும்."

ஜொய்சிக்கு நெஞ்சு இளகியது. இரண்டு வண்டி. ஒன்று இங்கே ஓட, ஒன்று அங்கே போய்வர. மாதத்தில் பாதி இங்கே, பாதி அங்கே என்று இருவரும் போய்வரலாமே. இவ்வளவு சுலபமான ஒன்றை இத்தனை நாளும் இழுத்தடித்தோமே என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

"அப்ப நீங்களும் வருவியள்," என்றாள்.

றெக்ஸ் ஏணியை மடித்தார்.

"நீர் கொண்டு போம்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளிடம் ஆயிரம் பதில் இருந்தது. வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிற மாதிரி, அவ்வளவு அக்கறையாகச் சொன்னார். பின்னால் பூச்சாடியோடு வந்த ஷெரோன் பாதியில் நின்றுவிட்டாள்.

ஜொய்சி எதை எதையோ சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது இதுதான்.

"எனக்கு ட்ரெயிலரோட றிவேஸ் எடுக்கத் தெரியாது."

றெக்ஸ் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பழக்கிவிடுறன்," என்றார்.